முதல் சுற்றுக்கு ஒரு ஆள் வேணும்

உரும்பிராயில் தோட்டம் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எஞ்சினோடு முதல் சண்டை வாட்டர் பம்மோடுதான். விடிய ஐந்தரைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்து, கயிற்றைப் புளியில் சுத்தி இழுக்க வேணும். ஒருதரம், ரெண்டுதரம், ஏழுதரம். தோள்மூட்டு கழண்டு விழுகிற மாதிரி இருக்கும். "சோக்கைப் போட்டனியோ?" எண்டு வேலிக்கு அங்கால இருந்து ஒரு குரல் வரும். "பிளக்கைக் கழட்டித் துடையடா" எண்டு இன்னொரு குரல். மண்ணெண்ணெயில் ஓடுகிற மிசினுக்கும் எழும்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேணும். அதை விட்டு இழுத்தால் ஒரு இருமல், கொஞ்சம் நீலப் புகை, பிறகு பிடித்துவிடும். பிடித்துவிட்டால் வெங்காயத் தறை முழுவதும் இறைத்து முடியும்வரை நிற்காது. அதால் தனியாகச் செய்ய முடியாதது அந்த முதல் சுற்று ஒன்றைத்தான்.

இந்தக் கட்டுரை அந்த முதல் சுற்றைப் பற்றியது. பம்மில் தொடங்கினாலும் கொஞ்சம் பெரிய எஞ்சின் ஒன்றுக்குப் போகப் போறம்.

போன மாதம் எங்களில் ஒருத்தியின் மச்சாள் கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. ஒன்ராறியோவில் ஹமில்ற்றன் எண்ட நகரத்தில் பழைய போர்க்கால விமானங்களை இன்றைக்கும் பறக்கிற நிலையில் வைத்திருக்கிற அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு டகோட்டாவை ஸ்ரார்ட் பண்ணுகிற காட்சி. முதலில் மெல்லிய ஊளைச் சத்தம் ஒன்று, தாழத் தொடங்கி மேலே மேலே ஏறுகிறது. பிறகு ஏதோ கடிபடுகிற மாதிரி ஒரு உறுமல். விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது. எங்கேயோ ஒரு சிலிண்டர் வெடிக்கிறது, பிறகு இன்னொன்று, வெள்ளைப் புகை குபீரெண்டு பின்னால் போகிறது, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு ஓசையாகிறது. நாங்கள் போனைச் சுத்தி நிண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மப்பா, படத்தைப் பார்க்காமலே, "உது டக்கோட்டா எல்லே?" எண்டார்.

அவருக்கு எண்பத்தைந்து வயது. அந்தச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்டு ஐம்பது வருசத்துக்கு மேல் இருக்கும். ஒருக்காலும் விமானத்தில் ஏறாதவர். ஆனால் பெடியனாக இருக்கேக்கை, உரும்பிராய்ச் சந்தியில் இருந்து பலாலி வீதியால் நேர வடக்கே சைக்கிள் மிதித்து, வசாவிளான் தாண்டிப் போய் வேலியோரம் நிண்டு பிளேன் பார்த்தவர். அண்டைக்கு அவர் சொன்னதுகளையும், பிறகு நாங்கள் தேடி வாசித்ததுகளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை கட்டியது. அவர்களின் பதிவுகளில் அதன் பெயர் பெரும்பாலும் காங்கேசன்துறை எண்டுதான் இருக்கும். போரின் பிற்பகுதியில் அங்கே லிபரேட்டர் எண்ட பெரிய நான்கு எஞ்சின் விமானங்கள் நிண்டன. இந்து சமுத்திரத்துக்கு மேலால் நீண்டதூரம் பறக்கிறதுதான் அதுகளின் வேலை. தெற்கே கொக்கலை வாவியில் கற்றலைனா எண்ட பறக்கும் படகுகள் நிண்டன. 1942 ஏப்ரல் 4 அன்று யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருகிறதை முதலில் கண்டு செய்தி அனுப்பிய பேர்ச்சோல் எண்ட கனேடிய விமானி கொக்கலையில் இருந்து கிளம்பியது அப்படி ஒரு கற்றலைனாவில்தான். அடுத்த நாள் கொழும்பில் குண்டு விழுந்தது.

போர் முடிந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து மெட்ராஸ். சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. விமானம் டகோட்டா. எயார் சிலோனிடம் இருந்த மூன்று டகோட்டாக்களுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி எண்டு பெயர் வைத்திருந்தார்கள்.

இதில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்த விசயம் ஒன்று. லிபரேட்டர், கற்றலைனா, டகோட்டா மூன்றும் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விமானங்கள். ஒன்று குண்டுவீச்சு விமானம், ஒன்று தண்ணீரில் இறங்குவது, ஒன்று பொதிசுமக்கிற மாடு. ஆனால் மூன்றுக்கும் எஞ்சின் ஒன்றே. அமெரிக்காவில் பிராட் அண்ட் விற்னி கம்பனி செய்த 'ருவின் வாஸ்ப்'. வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள் ஒரு வரிசைக்கு ஏழு, அப்படி இரண்டு வரிசை, மொத்தம் 14. கொள்ளளவு கிட்டத்தட்ட 30 லீற்றர். வலு சுமார் 1,200 குதிரைவலு. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். ஆக, 1940களில் இருந்து எழுபதுகள் வரை எங்கட ஆட்கள் வானத்தில் கேட்ட சத்தத்தில் பெரும்பங்கு இந்த ஒரு எஞ்சினின் சத்தம்.

சரி, இப்ப கேள்விக்கு வருவம். வாட்டர் பம்மின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை இழுக்கவே தோள் போகிறது. 30 லீற்றர் எஞ்சினை, முன்னால் ஆளைவிட உயரமான உலோக விசிறியோடு, எப்படி முதல் தரம் சுத்துவது?

எஞ்சின் எழும்ப மூன்று வேணும். சுற்றல், எரிபொருள் ஆவி, பொறி. சிக்கல் என்னவெண்டால், நிற்கிற எஞ்சினில் இந்த மூன்றும் ஒன்றாகவே மோசமாக இருக்கும். எண்ணெய் இறுகிக் கிடக்கும், ஆகவே சுற்றுவது கடினம். குளிர்ந்த காற்றில் பெற்றோல் ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். பொறியைத் தருகிறது மக்னெற்றோ. அது சைக்கிள் டைனமோவின் சொந்தக்காரன், மெல்லச் சுத்தினால் மெல்லிய பொறிதான் வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது டைனமோ லைற் மின்மினி மாதிரி மினுங்குமே, அதே கதை. ஆனால் மக்னெற்றோவுக்குப் பற்றறி வேண்டாம். வானத்தில் பற்றறி செத்தாலும் எஞ்சின் நிற்காது. அதனால்தான் இண்டைக்கும் சின்னப் பிஸ்ரன் விமானங்களில் மக்னெற்றோதான் இருக்கிறது. ஓடத் தொடங்கினால் யாரிடமும் கை நீட்டாத எஞ்சின், தொடங்குகிற நேரத்தில் மட்டும் எல்லாரிடமும் கை நீட்டும்.

ஆரம்ப நாட்களில் கைதான் ஸ்ரார்ட்டர். 1935 நவம்பரில் இரத்மலானை ஓடுபாதையில் முதலில் வந்து இறங்கியது மெட்ராஸ் பறக்கும் கழகத்தின் பஸ் மொத் எண்ட சின்ன விமானம். அந்த வகை விமானங்களை எழுப்புகிற முறை எளியது, ஆபத்தானது. ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே விசிறிக்கு முன்னால். உள்ளே இருப்பவர் சுவிச் ஓஃப் எண்டு சொல்ல, வெளியே நிற்பவர் விசிறியை இரண்டு மூன்று தரம் சுத்திச் சிலிண்டருக்குள் பெற்றோலை இழுத்து விடுவார். பிறகு சுவிச் ஓன். ஒரே வீச்சில் விசிறியைக் கீழே இழுத்துவிட்டு, அந்த வேகத்திலேயே உடம்பைப் பின்னுக்கு எடுத்துக்கொள்ள வேணும். காலடி மணலாகச் சறுக்கக் கூடாது. சால்வை கூடாது. பொறி மெல்லியதாக வருகிற பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டிருந்தார்கள். மக்னெற்றோவோடு சேர்ந்த ஒரு சுருள்வில், அதை மெல்லச் சுற்றும்போது பிடித்து வைத்திருந்து, சரியான இடத்தில் 'டக்' எண்டு விடும். கை மெல்லச் சுத்தினாலும் மக்னெற்றோ அந்தக் கணத்தில் வேகமாகச் சுற்றும், நல்ல பொறி வரும். பம்மைக் கையால் மெல்லச் சுத்திப் பார்த்தவர்களில் சிலருக்கு அந்த 'டக்' தெரிந்திருக்கும்.

எஞ்சின் பெரிதாகப் பெரிதாக, கை போதாது. முதலாம் உலகப்போரின் கடைசியில் ஹக்ஸ் எண்ட விமானி ஒரு வழி செய்தார். போர்ட் 'ரி மொடல்' லொறி ஒன்றின் மேல் நீளத் தண்டு ஒன்றைப் பொருத்தி, விமானத்தின் மூக்கில் அதைக் கொழுவி, லொறி எஞ்சினாலேயே விமான எஞ்சினைச் சுத்துவது. நல்ல யோசனைதான், ஆனால் நீங்கள் இறங்கப் போகிற ஒவ்வொரு வெளியிலும் அந்த லொறி நிற்க வேணும். விமானம் தூர இடங்களுக்குப் போகத் தொடங்கியதும் அந்த யோசனை பின்தங்கிவிட்டது.

அடுத்த வழிதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பின்சில்லைப் பெடலால் சுத்திப் பாருங்கோ. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறும். கை ஓய்ந்த பிறகும் சில்லு சுத்தும். அதற்குள் விரலை விட்டால் தெரியும், பத்து விநாடியாக நீங்கள் கொடுத்ததெல்லாம் அதுக்குள் சேமித்துக் கிடக்கிறது. 'இனேர்சியா ஸ்ரார்ட்டர்' எண்டது இதுதான். எஞ்சினுக்குப் பின்னால் சின்னச் சில்லு ஒன்று. அதைக் கைப்பிடியாலோ சின்ன மின்மோட்டராலோ பற்சில்லுகள் ஊடாகச் சுத்தி, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் கொண்டுவருவார்கள். அந்த நேரத்தில் எஞ்சின் அசையாது. சில்லு மட்டும் தனியச் சுத்தும். வீடியோவில் கேட்ட ஊளை அதுதான். போதிய வேகம் வந்ததும் நெம்பைப் போட்டால், சில்லு எஞ்சினோடு பொருந்தும். பத்துப் பதினைந்து விநாடியில் சேமித்ததை ஒன்றிரண்டு விநாடியில் கொட்டிவிடும்.

இடையில் ஒரு கிளச் உண்டு. பத்தாயிரம் சுற்றில் போகிற சில்லை அசையாத எஞ்சினோடு நேரே பொருத்தினால் பல்லெல்லாம் பொடியாகும். ஆகவே தகடுகள் ஒன்றோடொன்று வழுக்கி, அதிர்ச்சியை வாங்கி, பிறகுதான் பிடிக்கும். சின்ன மோட்டர், சின்னப் பற்றறி, அல்லது மனுசனின் ஒரு கை, எதுவாக இருந்தாலும் நேரம் எடுத்துச் சேமித்தால் பெரிய எஞ்சினை அசைக்கும். ஊரில் நெல்லுக் குத்துகிற மில்லில் பெரிய டீசல் எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுத்தினவர்களுக்கு இது புதிதில்லை. அழுத்தத்தை விடுகிற நெம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு, பாரச் சில்லுக்கு வேகம் ஏற்றி, சரியான நேரத்தில் நெம்பைத் தட்டி விழுத்துவார்கள். அதுவும் சேமித்துக் கொட்டுகிற வேலைதான்.

இனி டகோட்டாவின் பக்கத்தில் நிண்டு முழு வேலையையும் பாருங்கோ. அம்மப்பா வேலிக்கு வெளியே நிண்டு பார்த்ததில் அவருக்கு விளங்காமல் இருந்தது இதன் முதற்பகுதி. "கனநேரம் நிண்ட பிளேன் எண்டால், வெளிக்கிட முதல் ரெண்டு மூண்டு பேர் வந்து விசிறியைக் கையால தள்ளித் தள்ளி எண்ணுவினம். நாங்கள் அது ஏதோ நேத்தி எண்டு நினைச்சம்" எண்டார்.

நேர்த்தி இல்லை. வட்ட எஞ்சினில் கீழ்ப்பக்கச் சிலிண்டர்கள் தலைகீழாக இருக்கும். எஞ்சின் நிண்டுகொண்டிருக்கும்போது எண்ணெய் மெல்ல வடிந்து அதுகளுக்குள் இறங்கிவிடும். காற்று அழுங்கும், எண்ணெய் அழுங்காது. அந்த நிலையில் ஸ்ரார்ட்டர் போட்டால் பிஸ்ரன் எண்ணெய்ச் சுவரில் மோதி, அதைத் தாங்குகிற தண்டு வளைந்துவிடும். சில நேரம் அண்டைக்கே தெரியாது, பிறகு ஒருநாள் வானத்தில் முறியும். அதனால் முதலில் கையால் விசிறியை ஆறு இதழோ ஒன்பது இதழோ எண்ணித் தள்ளிப் பார்ப்பார்கள். எங்கேயாவது இறுகினால் உடனே நிறுத்த வேணும். பலம் போட்டுத் தள்ளக் கூடாது. பின்பக்கம் சுத்தி விடவும் கூடாது; சுத்தினால் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போய் ஒளித்திருந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரும்ப உள்ளே வரும். கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழட்டி எண்ணெயை வடிய விடுவதுதான் ஒரே மருந்து. வேலிக்கு அங்கால இருந்து வருகிற "பிளக்கைக் கழட்டடா" எண்ட குரல் ஞாபகம் வருகிறதா?

பிறகு சில்லுகளுக்கு முட்டுக்கட்டை. எஞ்சினுக்குப் பக்கத்தில் தீயணைப்பு உருளையோடு ஒருத்தர். விமானி உள்ளே எரிபொருள் அழுத்தத்தை ஏற்றி, பிரைமர் எண்ட சின்னப் பம்மால் சில சிலிண்டர்களுக்கு நேரே கொஞ்சம் பெற்றோல் விசிறுவார். அளவு அனுபவத்தில் வருவது. குளிர் நாட்டில் கூட வேணும், யாழ்ப்பாண வெயிலில் குறைய. கூடினால் புகைபோக்கியிலோ காபரேற்றரிலோ நெருப்புப் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் முதல் வைத்தியம் என்ன தெரியுமா? ஓடுகிறதில்லை. தொடர்ந்து சுத்துகிறது. எஞ்சின் எழும்பினால் அந்த நெருப்பைத் தானே உள்ளுக்கு இழுத்து விழுங்கிவிடும். அது சரிவராவிட்டால்தான் உருளைக்காரருக்கு வேலை.

பிறகு முதல் சுவிச், ஊளை ஏறுகிறது. இரண்டாம் சுவிச், சில்லு பொருந்துகிறது. மக்னெற்றோவின் மெல்லிய பொறிக்கு உதவியாகப் பற்றறியில் இருந்து தொடர்ந்து பொறி கொடுக்கிற சுருள் ஒன்றும் அந்த நேரத்தில் வேலை செய்யும். விசிறி அசைகிறது. ஒரு சிலிண்டர் பிடித்ததும் எரிபொருள் நெம்பைத் திறக்க வேணும். பிந்தினால் செத்துவிடும், முந்தினால் மூழ்கிவிடும். புகை எண்ணெயின் புகை, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கண் உடனே எண்ணெய் அழுத்த முள்ளுக்குப் போக வேணும். அரை நிமிடத்துக்குள் முள்ளு எழும்பாவிட்டால் எஞ்சினை நிற்பாட்ட வேணும், எவ்வளவு பாடுபட்டு எழுப்பியிருந்தாலும். எல்லாம் சரியெண்டால், அடுத்த எஞ்சினுக்கு இதே கதை. லிபரேட்டரில் இது நாலு தரம், 56 சிலிண்டர். அந்த விமானத்தின் மூக்குச் சில்லுக்குப் பக்கத்தில் மின்சாரம் தர ஒரு சின்னப் பெற்றோல் எஞ்சினே வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் அதை அது போடுகிற சத்தத்தை வைத்துப் 'பட்-பட்' எண்டு கூப்பிட்டார்கள். பெரிய எஞ்சினை எழுப்ப ஒரு சின்ன எஞ்சின்!

பற்றறியும் இல்லை, ஸ்ரார்ட்டரும் பழுது எண்டால்? சில இடங்களில் விசிறி இதழின் நுனியில் தோல் உறை ஒன்றைப் போட்டு, அதில் நீளக் கயிறு கட்டி, ஆட்களோ லொறியோ இழுத்து எழுப்பியிருக்கிறார்கள். வாட்டர் பம்தான், வேற ஒன்றுமில்லை.

வெடியால் எழுப்புகிற முறையும் இருந்தது. துப்பாக்கித் தோட்டா மாதிரியான ஒன்றை, குண்டு இல்லாமல், ஸ்ரார்ட்டருக்குள் வெடிக்க வைத்து, அந்தக் காற்று ஒரு பிஸ்ரனைத் தள்ள, பிஸ்ரன் திருகுப் பல்லால் எஞ்சினைச் சுத்தும். கொஃப்மன் ஸ்ரார்ட்டர் எண்டு பெயர். இரண்டாம் வகை ஸ்பிற்பயர்களில் அது இருந்தது. பற்றறி வேண்டாம், பாரம் குறைவு, ஆனால் தோட்டா முடிந்தால் கதை முடிந்தது. 1965 இல் வந்த 'த ஃபிளைற் ஒஃப் த ஃபீனிக்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது. பாலைவனத்தில் விழுந்தவர்கள் உடைந்த விமானத்தில் இருந்து இன்னொன்றைக் கட்டுவார்கள். கையில் ஏழு தோட்டாதான். அதில் ஒன்றைச் சிலிண்டரைச் சுத்தம் செய்யவென்றே விமானி சுவிச் போடாமல் வெடிக்க வைக்க, மற்றவன் பதறுவான். முதல்தரம் பார்க்கேக்கை நாங்களும் பதறினோம். எண்ணெய் வடிகிற கதை தெரிந்த பிறகு பார்த்தால் விமானியின் பக்கம் நிற்கத் தோன்றுகிறது. சோவியத் யாக் விமானங்கள் சிலவற்றில் வெடிக்குப் பதில் போத்தலில் அடைத்த அழுத்தக் காற்று. எல்லாம் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில். முதல் சுற்றுக்குத் தேவையான பலத்தை எதற்குள் அடைத்து வைப்பது? சில்லிலா, மருந்திலா, காற்றிலா, பற்றறியிலா, மனுசத் தோளிலா?

இந்தக் கேள்வியை யாழ்ப்பாணம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு பெற்றோலும் பற்றறியும் தடைப் பொருட்கள். மின்சாரம் இல்லை. எங்களில் பலர் அப்ப பிறக்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே எழுப்புவதற்கு மட்டும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல். சின்ன பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை ஒரு குழாயோடு பக்கத்தில் கொழுவி வைத்து, ஒருக்கா அமத்திவிட்டு உதைப்பார்கள். டகோட்டாவின் பிரைமர் செய்கிற அதே வேலை. பெயர் தெரியாமலே செய்தார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோ பாட வைத்தார்கள். அந்த ஐந்து வருசத்து மெக்கானிக்குகளின் மூளையைப் பற்றி யாரும் ஒழுங்காக ஒரு புத்தகம் எழுதவில்லை எண்டது எங்களுக்கு இருக்கிற கோபம். அவர்களில் பலர் இப்ப எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

அதே வருசங்களில் வானத்தில் இருந்து வந்த சத்தம் வேற. ஹெலி, பொம்மர், சகடை எண்டு சத்தத்தை வைத்தே பிரித்து அறிந்து பதுங்குகுழிக்கு ஓடின தலைமுறை எங்கட அம்மா அப்பா. பலாலியைச் சுற்றி இருந்த சனம் 1990 இல் எழும்பி ஓடினது. அந்த நிலம் இன்னும் முழுவதுமாக அவர்கள் கைக்குத் திரும்பவில்லை. ஆகவே டகோட்டாவைப் பற்றி அம்மப்பா சிரித்துக்கொண்டு கதைக்க, பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் அப்படி இருக்கவில்லை. வீடியோவில் ஊளை ஏறுகிற இடத்தில் "சத்தத்தைக் குறை பிள்ளை" எண்டா. ஒரே விறாந்தையில் ஒரே வகைச் சத்தம் இரண்டு பேருக்கு இரண்டு சத்தம். இதற்கு மேல் அதை விளக்க எங்களுக்குத் தெரியவில்லை.

வரலாற்றில் யாருடைய பெயர் நிற்கிறது எண்டதும் கவனிக்க வேண்டியது. பேர்ச்சோலின் பெயர் நிற்கிறது, நிற்கவும் வேணும். அந்த விடியலில் கொக்கலையில் அந்த இரண்டு எஞ்சினையும் எழும்பும் நிலையில் வைத்திருந்தவர்கள்? பலாலியில் விசிறி இதழை எண்ணித் தள்ளினவர்கள், சிவப்பு உருளையோடு நிண்டவர், முட்டுக்கட்டையை இழுத்துக்கொண்டு குனிந்து ஓடினவர்? அம்மப்பாவின் நினைவில் அவர்களுக்கு முகம் இருக்கிறது, பெயர் இல்லை. "ஒருத்தர் எங்கட பக்கத்து ஆள்தான், காக்கிக் களுசான் போட்டவர்" எண்டதோடு நிற்கிறது.

குளிர் நாட்டில் இந்த வேலை இன்னும் கொடுமை. கனடாவின் வடக்கே பறந்த பழைய விமானிகள் இரவில் எஞ்சின் எண்ணெயை முழுவதும் வடித்து எடுத்து, உள்ளே கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, விடிய அதைச் சூடாக்கித் திரும்ப ஊற்றுவார்கள். வேற சிலர் எஞ்சினை நிற்பாட்ட முதல் எண்ணெய்க்குள் பெற்றோலைக் கலந்து மெல்லியதாக்கி விடுவார்கள். மறுநாள் எஞ்சின் சூடேற அந்தப் பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். மச்சாளிடம் இதைச் சொன்னபோது, "எங்கட காருக்கே விடியக் காலமை பத்து நிமிசம் வேணும்" எண்டு எழுதியிருந்தா.

1960களில் எயார் சிலோன் அவ்ரோ வாங்கியதோடு டகோட்டாவின் இடம் மெல்லச் சுருங்கியது. அவ்ரோ ரேர்பைன் வகை. விசிறி இருந்தாலும் உள்ளே பிஸ்ரன் இல்லை, எண்ணெய் வடிந்து பூட்டுப்படுகிற கீழ்ச் சிலிண்டர் இல்லை, இதழ் எண்ணத் தேவையில்லை. டகோட்டா ஒன்று இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கொழும்புக்குப் போனால் போய்ப் பாருங்கோ. எஞ்சினுக்குக் கீழே குனிந்து தலைகீழ்ச் சிலிண்டர்களை எண்ணிப் பாருங்கோ.

2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையில் இருந்து வந்து இறங்கியது ஏரிஆர் 72. கொரோனாவில் நிண்டுபோன சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. அந்த விமானத்தின் எஞ்சினும் பிராட் அண்ட் விற்னிதான், அதன் கனேடியக் கிளை செய்தது. அதில் ஒரு சுவாரசியம் உண்டு. வலதுபக்க விசிறியைப் பிரேக் போட்டுப் பிடித்துவைத்துக்கொண்டு, எஞ்சினை மட்டும் ஓட விட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்கலாம். 'ஹொட்டேல் மோட்' எண்டு பெயர். எஞ்சின் ஓடுகிறது, விசிறி அசையாமல் நிற்கிறது. இனேர்சியா ஸ்ரார்ட்டரில் சில்லு ஓட எஞ்சின் அசையாமல் நிண்டதுக்கு இது ஏதோ முறையில் தம்பி. எழுப்புவதற்கு ஒரு பொத்தான் போதும். புகை இல்லை, இருமல் இல்லை. காற்று எங்கட பக்கம் அடித்தால் உரும்பிராயில் நிண்டு அது கிளம்புகிறதைக் கேட்கலாம். சுமார் 350 கிலோமீற்றர்தான் சென்னை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, பலாலியில் எயார் சிலோன் காலத்தில் வேலை செய்த யாராவது இருந்தால், அல்லது தொண்ணூறுகளில் கராஜ் வைத்திருந்தவர் இருந்தால், போனை எடுத்துப் பக்கத்தில் வைத்து அவரைக் கதைக்க விடுங்கோ. கேள்வி பெரிதாக வேண்டாம். எப்படி ஸ்ரார்ட் பண்ணினீங்கள் எண்டு மட்டும் கேளுங்கோ. பதிவை எங்களுக்கு அனுப்பினால் எழுதுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வீடியோ பார்த்த அடுத்த நாள் விடிய, பம் வழமை போலப் பிடிவாதம். ஆறாம் தரம் இழுத்துக் களைத்து நிற்க, விறாந்தையில் இருந்து அம்மப்பா கூப்பிட்டார். "பெற்றோல் கூடிப்போச்சு. சுவிச்சை ஓஃப் பண்ணிப்போட்டு நாலுதரம் சும்மா இழு. பிறகு போடு." எண்ணி நாலுதரம் சும்மா இழுத்தோம். சுவிச்சைப் போட்டு ஐந்தாம் தரம் இழுக்க ஒரு இருமல், கொஞ்சம் நீலப் புகை. வாய்க்காலில் தண்ணீர் வர, அவர் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார்.